நரைத்த தலையுடன் அரசி

செடெனாக் தோட்டம், மலாயா,
ஆடி 12, 1934.

மச்சானுக்கு,

இது நானே எழுதும் கடிதம். ஐந்து மாதமாகத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்தேன். சிரிக்காதே. ஒரு வரிக்கு ஒரு வெற்றிலை தீர்ந்துபோகிறது. ஆனாலும் எழுத எழுத ஆசையாக இருக்கிறது.

நம் நாடகத்தில் இப்போது மருதைதான் அரசி. இருபது வயது, லட்சணமான முகம். பகைவனிடம் மகனைப் பிணையாக ராஜாவான நான் அனுப்பும்போது அவன் கூட்டத்தைப் பார்த்து அழுகிறான். நீ என்னைப் பார்த்து அழுவாய். என் குரல் தானாக உடையும்.

வயதாகிவிட்டது என்று நாடக வாத்தியார் உன்னை அரசி வேஷத்திலிருந்து நீக்கிய அன்று, உனக்காகப் பேசாமல் நானும் அங்கேதான் நின்றேன். மறுநாளே நீ பொந்தியானுக்குப் போய்விட்டாய்.

போன வாரம் நாடக நோட்டை எழுத்துக்கூட்டிப் படித்தேன். வாத்தியார் இத்தனை வருஷமும் நமக்கு வாயால் சொல்லிக்கொடுத்தது பேச்சு மட்டும்தான். அடைப்புக்குறிக்குள் இருப்பதை அவர் படித்துக் காட்டியதே இல்லை. அங்கே, 'நரைத்த தலையுடன் அரசி வருகிறாள்' என்று இருக்கிறது!

நோட்டை அவர் முன்னால் விரித்தேன்.

"அதெல்லாம் யாருப்பா பாக்குறாங்க?"

"நான் பாத்துட்டேன் வாத்தியாரே. நரைச்ச அரசி வந்தாத்தான் நான் கிரீடம் வெப்பேன்."

"ரெண்டு கிழவனும் சேந்து என் மானத்த வாங்குங்க!" என்று கத்திவிட்டு, உன் விலாசத்தை அவரே எடுத்துக் கொடுத்தார். மருதைக்கு மகன் வேஷம்.

சனிக்கிழமை ஒத்திகை. என் மேல் உள்ள கோபத்தையும் விட்டுவிடாமல் கொண்டு வா. அந்தக் கட்டத்துக்கு அது வேண்டும்.

இப்படிக்கு,
உன் ராஜா