செலினின் கவுனில் ஒரு வரி நூல்

என் அன்பு அண்ணி,

உங்கள் மகளுக்கு இன்று புதுக் கவுன் போட்டுவிட்டோம். கோயிலுக்கும் தூக்கிக்கொண்டு போய்வந்தாயிற்று. இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

எந்தக் கவுன் என்று உங்களுக்குத் தெரியும். பிள்ளை வயிற்றிலிருக்கும்போது நீங்கள் மடிப்புப் பிடித்துவைத்த அந்த வெள்ளை மல் துணிதான். அலசிக் காயவைத்து, உள்பக்கத்தில் சலவை நீலத்தைத் தொட்டுப் புள்ளி வைத்து, புள்ளிக்குப் புள்ளி ஊசி ஏற்றி, வரிக்கு ஒரே நூலாக ஓட்டினீர்கள், இழுத்தால் மடிப்பு மடிப்பாகச் சுருங்கும்படி. நடுவில் நூல் போதாவிட்டால் ஒட்டு முடிச்சுப் போட விடமாட்டீர்கள், வரி முழுவதையும் பிரிக்கச் சொல்வீர்கள். ஒரு புள்ளி கோணிப்போனதற்காக என்னோடு சாயங்காலம் வரை பேசாமல் இருந்த மகராசி நீங்கள்.

நமக்குள் வேலை அப்படித்தானே பிரிந்திருந்தது? மடிப்பு உங்களுடையது, அதன்மேல் போடும் பூத்தையல் என்னுடையது. கவுனை வாங்கவரும் துரைசானிகள் பூவைத்தான் மெச்சுவார்கள். பூத்தையலே மடிப்பைப் பிடித்துக்கொள்ளும் என்று, பூ முடிந்ததும் நீங்கள் ஓட்டிய நூலையெல்லாம் உருவி எறிந்துவிடுவோம். நீங்கள் பட்ட பாடு யார் கண்ணிலும் படாது. உங்களுக்கு அதில் ஒருநாளும் கோபம் வந்ததில்லையா, அண்ணி?

இந்தத் துணியை மட்டும், பிறக்கப்போகிற பிள்ளையின் மார்பளவுக்குச் சுருக்கி, முடிச்சுப் போட்டு, என் மடியில் ஆசையோடு வைத்தீர்கள். நான் ஊசி கோப்பதற்குள் உங்களுக்கு வலி கண்டுவிட்டது. செலின் வந்தாள், நீங்கள் போய்விட்டீர்கள்.

அண்ணன் அந்தத் துணியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். துறைமுகத்தில் வேலை முடிந்து வந்ததும் திறந்து பார்ப்பார், யாரையும் தொடவிடமாட்டார். செலின் தவழ்ந்தாள், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சண்டைக்காலக் கன்ட்ரோலில் லஸ் கடைகளில் முரட்டுத்துணிதான் கிடைக்கிறது. தாயில்லாப் பிள்ளை முதல் பிறந்தநாளுக்கும் பழந்துணியோடு கோயிலுக்குப் போவதா என்று ஒருநாள் அவர் எதிரிலேயே அழுதுவிட்டேன். மறுநாள் காலை அவராகவே துணியை எடுத்துவந்து தையல் மிஷின்மேல் வைத்தார். என் முகத்தைப் பார்க்காமல் வேலைக்குப் போய்விட்டார்.

பிள்ளை வளர்ந்துவிட்டாளே, மடிப்பைத் தளர்த்தினால்தான் அளவு வரும். அதனால் முதலில் உங்கள் முடிச்சுகளை அவிழ்க்க வேண்டியிருந்தது. எப்படித்தான் முடிச்சுப் போட்டீர்களோ, எனக்கு நகமே பெயர்ந்துவிட்டது. உங்களைத் திட்டிக்கொண்டே அழுதேன்.

பூத்தையலை முடித்து, கவுனாகத் தைத்து, நூல்களை உருவ உட்கார்ந்தேன். மார்புக்கு நேரே இருந்த கடைசி வரிக்கு வந்தபோது கை நின்றுவிட்டது. இதுவும் போனால் நீங்கள் ஓட்டிய நூல் இந்த வீட்டில் ஒரு முழம்கூட இல்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்று அதன் நுனியை முடிந்து உள்ளே செருகிவிட்டேன்.

இன்று காலை போட்டதும் செலின் வீறிட்டாள். மற்ற இடமெல்லாம் விரிந்துகொடுத்தது, அந்த வரி மட்டும் அவளை இறுக்கிப் பிடித்தது. காரணம் எனக்குத் தெரியும். அண்ணன் அவளை மடியில் வாங்கி, உள்பக்கம் விரலால் தடவி, நூலைக் கண்டுபிடித்தார். ஏன் விட்டுவைத்தாய் என்று என்னைக் கேட்கவில்லை. தலையைக் குனிந்தபடி அந்த நூலை விரலால் நீவிப்பார்த்தார்.

"எட்த்துடு, பிலோ. கொயந்த மூச்சு வுட முடியாம கீது."

நான் முடிச்சை வெட்டினேன். அவர்தான் நூலை உருவினார், நடுவில் அறுந்துவிடாமல், மெதுவாக. செலின் ஒரு பெருமூச்சு விட்டாள். அழுகை நின்றது. அண்ணன்தான் அப்புறம் அழுதார். நீங்கள் போன நாளில்கூட அவர் அப்படி அழுது நான் பார்க்கவில்லை.

கோயிலில் எல்லோரும் பூ அழகாக இருக்கிறது என்றார்கள். நான் பூவுக்கு அடியில் இருந்த உங்கள் மடிப்பைத் தடவிக்கொண்டேன்.

சொன்னால் புரிகிற வயது அவளுக்கு வரட்டும், அண்ணி. அந்தக் கவுனைத் திருப்பி உள்பக்கத்தைக் காட்டுவேன். நூல் இல்லாமலே நிற்கிற மடிப்புகளைத் தொட்டுப்பார்க்கச் சொல்லி, இதுதான் உன் அம்மா என்பேன். என் பூவைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டேன். இது சத்தியம்.

உங்கள் மகளுக்கு அத்தையாகவும், மற்ற எல்லாமாகவும் இருக்கிற
உங்கள் நாத்தனார்,
பிலோமினா
சாந்தோம்