எல்லம்மாவின் கேள்விக்கு எட்டு கார்டுகள்

18-2-1968, ஞாயிறு

மாலை ஐந்து மணிக்குக் கும்மிடிப்பூண்டி படிப்பகத்தில் கூட்டம். 'உயிர்கள் பெருகியது எப்படி?' பேச்சாளர் நான்தான், பூவராகவன், சயின்ஸ் வாத்தியார். பள்ளிக்கூடத்து மைக்ரோஸ்கோப்பைச் சாக்கில் சுற்றி எடுத்துப்போனேன். குட்டைத் தண்ணீரில் ஓர் உயிர் இரண்டாகப் பிளந்துகொண்டிருந்தது. வரிசையில் நின்று பார்த்தார்கள்.

ஜவுளிக்கடை அமானுல்லா பாய் விடுவாரா?

"சார், மொதல்ல வந்தது ஆம்பளையா பொம்பளையா? அவன் வந்து லட்சம் வருஷம் கழிச்சி அவ வந்தான்னா, அதுவரைக்கும் இன்னா பண்ணிக்கினு இருந்தான்?"

ஒரே சிரிப்பு. முதலில் இரண்டு பேருமே இல்லை பாய் என்றேன். ஒரே அளவான இரண்டு செல்கள் சேர்ந்தன. பிற்பாடுதான் ஒன்று தீனியைச் சேர்த்துப் பெருத்தது, மற்றது சிறுத்து ஓடியாட ஆரம்பித்தது. கைதட்டினார்கள். எனக்குத் தலை கொஞ்சம் கனத்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்துக் குடும்பக் கட்டுப்பாடு பற்றிப் பேசுவதற்காக எளாவூர் நர்ஸ் எல்லம்மா உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்தார்.

"தானாவே ரெண்டா ஆவ முடியுதில்ல சார்? அப்புறம் எதுக்கு இன்னொண்ணத் தேடிக்கினு போச்சு? மாசம் இருவது பிரசவம் பாக்கறேன். இந்த வலியில இன்னா லாபம்?"

கலப்பினால் வலுவான சந்ததி என்று தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"அது பின்னால வர்ற நல்லது. மொதல் தபா சேந்துதுங்களே, அதுங்களுக்கு யார் சொன்னாங்க?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லித் தப்பித்தேன். எனக்கு ஏது பஸ்? என் அறை அடுத்த தெருவில்.

20-2-1968

கரும்பலகையில் தவளை இதயம் வரைந்துகொண்டிருந்தவன் பாதியில் நின்றுவிட்டேன். முதல் தபா சேர்ந்ததுகளுக்கு யார் சொன்னார்கள்?

3-3-1968

எல்லம்மாவுக்குப் பதிலாக எளாவூருக்கு ஒரு தபால் கார்டு எழுதினேன். அறிவியலில் மூடி மறைக்க என்ன இருக்கிறது, கவர் எதற்கு? ஆனால் இடம் போதவில்லை. மேலே 'எண் 1' என்று போட்டு அனுப்பினேன்.

17-3-1968

பதில் வந்துவிட்டது. "படித்தேன். ஒப்பவில்லை. எல்லம்மா."

இவ்வளவுதான். காலையிலிருந்து எத்தனை முறை படித்துவிட்டேன்!

14-4-1968

பஸ் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். எளாவூர் பஸ் வர இன்னும் அரைமணி ஆகும் என்றார்கள். வேர்க்கடலை வாங்கிக்கொண்டு நின்றோம்.

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்துக்காரர். கல்யாணமாகி ஆறாம் மாதம் கணவர் கடலுக்குப் போயிருக்கிறார். படகு மட்டும் திரும்பியிருக்கிறது. அதன்பிறகுதான் நர்ஸ் பயிற்சி.

"தேடிக்கினு போறது பெருசில்ல சார். கெடைச்சது போயிட்டா இன்னா பண்றது? அத்த உங்க புக்குல போட்டுக்கீதா?" சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

அந்த இடத்தில் நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். மண்புழுவைப் பற்றிப் பேசினேன். ஒரே உடம்பில் ஆணும் பெண்ணும் இருந்தும் அது இன்னொரு மண்புழுவைத் தேடுகிறது என்று. மண்புழு! என்னைச் செருப்பால் அடித்தால்கூடத் தகும்.

5-5-1968

எண் 7 போட்டாயிற்று. விந்தணு, கருமுட்டை பற்றி. கடைசி வரி தானாக வந்து விழுந்தது: "இது அதைத் தேடி நீந்துகிறது, அது இதற்காகக் காத்திருக்கிறது." தபால்பெட்டியில் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பெட்டியருகிலேயே நின்றேன்.

26-5-1968

பாய் கடைக்குள் கூப்பிட்டுக் கதவை ஒருக்களித்தார்.

"இன்னா வேல சார் பண்ணிக்கிறீங்க? எளாவூர் டீக்கடை பூரா உங்க கார்டுதான். போஸ்ட்மேன் மாரியப்பன் அர்த்தம் கேக்கறேன்னு படிச்சிக் காட்டிக்கிறான். விந்துன்றான், நீந்துதுன்றான், காத்துக்கினு கீதுன்றான். வாத்தியாரு நர்ஸம்மாக்கு எழுதுறாருன்னு ஊரே பேசுது. ஒரு கவர் வாங்கப்படாதா?"

உலகம் முழுவதும் அதைப் பாடப்புத்தகம்போலப் படிக்கும் என்று நினைத்தேனா? அந்தக் கடைசி வரி பாடமா? — இல்லை. எனக்கே தெரியும், இல்லை.

9-6-1968

எல்லம்மா படிப்பக வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை.

"நீங்க தப்பா ஒண்ணும் எழுதல. ஆனா பிரசவத்துக்குக் கூப்புட வர்றவனுங்க சிரிச்சிக்கினே வர்றானுங்க. எனக்குப் பேஜாரா கீது. நானே கேட்டு மாத்தல் வாங்கிக்கினேன். பள்ளிப்பட்டு."

கிளம்பியவர் திரும்பினார்.

"ஏழு கார்டு எழுதுனீங்க. தெரியாதுன்னு ஒரே ஒரு கார்டு எழுதியிருந்தா ஒத்துக்கினு இருப்பேன் சார்."

போகாதீங்க. இதைச் சொல்ல எத்தனை நேரம் ஆகும்? ஒரு மணி நேரம் உயிர்த்தோற்றம் பேசுகிற வாய் இது.

11-8-1969

பள்ளிப்பட்டுப் பக்கம் மழையே இல்லையாம். பேப்பரில் இரண்டு வரி. கத்தரித்து வைத்துக்கொண்டேன். எதற்கு?

2-2-1971

அக்கா மறுபடி ஒரு ஜாதகம் அனுப்பியிருக்கிறாள். திருப்பி அனுப்பிவிட்டேன். காரணம் கேட்டால் எதைச் சொல்வது, மண்புழுவையா?

3-6-1973, ஞாயிறு

இன்று படிப்பகத்தில் பாய் வேண்டுமென்றே அந்தப் பழைய கேள்வியை எடுத்தார். தானாகவே பிளக்க முடிந்தது ஏன் இன்னொன்றைத் தேடிப் போயிற்று?

"தெரியாது பாய்," என்றேன். "சொல்கிறவர்கள் நாலுவிதமாகச் சொல்கிறார்கள். எனக்கு நிச்சயமாகத் தெரியாது."

வானமே இடிந்து விழும் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் விழவில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

கிளம்பும்போது பாய் காதோரம் சொன்னார்: "இத்த அந்தம்மாகிட்ட சொல்லியிருக்கலாமே சார். பள்ளிப்பட்டுக்கு ஜவுளி எடுத்துக்கினு போற நம்ம ஆளு சொன்னான், இன்னும் தனியாத்தான் கீறாங்களாம்."

ஐந்து வருஷம். அவர் குரலைக் கேட்க வேண்டும்போல் இருக்கிறது. வேறொன்றும் வேண்டாம். பொய் — எல்லாமே வேண்டும்.

4-6-1973

கவர் வாங்கினேன். பிறகு அதை மேசைக்குள் போட்டுவிட்டுக் கார்டையே எடுத்தேன். ஒளித்து எழுதினால் அன்று எழுதியதும் தப்பு என்று ஆகிவிடும்.

"எண் 8. நீங்கள் கேட்டதற்கு விடை எனக்குத் தெரியாது. அன்றும் தெரியாது. ஆனால் தேடி வரத் தோன்றுகிறது. வரலாமா?"

16-6-1973

போஸ்ட்மேன் மாரியப்பனுக்கு இப்போது எங்கள் தெருவும் சேர்ந்திருக்கிறது. சைக்கிளை நிறுத்தியதும் நிறுத்தாததுமாக, "சார், வரச் சொல்லிக்கிறாங்க!" என்றார். கார்டு இன்னும் பைக்குள் இருந்தது.

நாக்கைக் கடித்துக்கொண்டார். "இந்தத் தபா யாருக்கும் படிச்சிக் காட்டல சார், சத்தியமா."

"ஞாயிறு 24-ஆம் தேதி டூட்டி இல்லை. திருவள்ளூரில் பஸ் மாறவும். எல்லம்மா."

24-6-1973, ஞாயிறு

திருவள்ளூர் பஸ் நிலையம். பள்ளிப்பட்டு வண்டி புறப்பட இன்னும் கால் மணி நேரம். சொல்ல வேண்டியதை வரிசையாகக் குறித்துக்கொள்ளலாம் என்றுதான் நோட்டை எடுத்தேன். ஒன்றும் எழுத வரவில்லை. குறிப்பு எதுவும் இல்லாமலே போகிறேன்.