அண்ணி பேசுவது என் குரலில்

என் செல்லத் தம்பி முரளிக்கு,

உன்னை இப்படிக் கூப்பிட இன்று எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் இத்தனை வருடப் பழக்கம் எங்கே போகும்? சித்தி பெற்ற பிள்ளை என்று உன்னை நான் ஒரு நாளும் பிரித்துப் பார்த்ததில்லை. நீ இருந்தவரை உன்னோடு முகத்துக்கு நேரே சண்டை போட்டதும் இல்லை. போன பிறகு போட வைத்துவிட்டாய்.

நீ போய் நான்கு மாதம் ஆகிறது. காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவன் வாசலில் அப்படியே சாய்ந்தாய். கீழ்பென்னாத்தூரிலிருந்து ஆட்டோ திருவண்ணாமலை வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஸ்டுடியோவில் உன் நாற்காலியில் இப்போது வேறு யாரோ உட்கார்ந்து கல்யாண வீடியோ வெட்டுகிறார்கள். சித்தி உன் போனை மடியில் வைத்துக்கொண்டு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருக்கிறாள்.

இந்தக் கடிதத்தை நான்கு பேர் படிக்கத்தான் எழுதுகிறேன். என் வீட்டு விஷயத்தை ஊருக்குச் சொன்னவன் நீ. மிச்சத்தையாவது நானே சொல்லிக்கொள்கிறேன். விஷயம் தெரியாதவர்களுக்காக முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன், உனக்குத் தெரிந்த கதைதான், பொறுத்துக்கொள்.

நம் சின்ன வயதில் டிவியில் போட்டுப் போட்டுத் தேய்த்த குடும்பப் படம் ஒன்று உண்டே, அதில் நாயகனுக்கு ஓர் அண்ணி. கையில் காபி டம்ளரோடு சமையலறை வாசலில் நிற்பாள். பாட்டு வந்தால் ஓரமாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்பாள். சண்டை வந்தால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பாள். படம் முழுக்க அவளுக்கு நாலே நாலு வசனம், அதில் ஒன்று “சாப்பிட வாங்க.” அந்தப் படத்தையே அண்ணியின் படமாக வெட்டி ஒட்டினால் எப்படி இருக்கும் என்று நீதான் கேட்டாய். ஊரில் ரசிகர்கள் வில்லனை நாயகனாக்கி வெட்டுகிறார்கள், காமெடியனை வைத்துப் பேய்ப்படம் செய்கிறார்கள், நாம் அண்ணியை எடுத்துக்கொள்வோம் என்றாய்.

நான்தான் படத்தைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு உட்கார்ந்தேன். அண்ணியின் முந்தானை ஓரம் தெரிந்தால்கூட நேரத்தைக் குறித்துக்கொண்டேன். மகளின் பழைய கணக்கு நோட்டில் பதினெட்டுப் பக்கம் வந்தது. நமக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டோம். அந்தப் படத்தில் இருப்பதை மட்டும்தான் எடுக்க வேண்டும், வெளியிலிருந்து ஓர் ஊசிகூட உள்ளே வரக் கூடாது. நீயும் தலையாட்டினாய்.

மூன்றாம் முறை பார்க்கும்போதுதான் அதைக் கவனித்தேன். அவளுடைய கணவன், நாயகனின் அண்ணன், படம் முழுக்க அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எடுத்தவர்களுக்கே அது தெரிந்திருக்காது. உன்னிடம் சொன்னேன். “இத எப்புடிக்கா புடிச்ச? நான் அத்தன தடவ பாத்தும் தெரியலியே” என்றாய். இரண்டு நாள் கழித்து மொட்டைமாடிக்குப் போய், போனை வாயருகில் வைத்துக்கொண்டு பதிலைப் பேசி உனக்கு வாட்சப்பில் அனுப்பினேன். நடுவில் அழைப்பு வந்ததால் ஏழெட்டுத் துண்டாகப் போனது. என் வீட்டில் நான்கு வருடமாகப் பேச்சு இல்லை என்பதை அன்றுவரை பெற்ற தாய்க்குக்கூட நான் சொன்னதில்லை.

நான் வேலைக்குப் போவேன் என்றேன், அவர் வேண்டாம் என்றார், நான் போனேன். மூன்று நாள் பேசாமல் இருந்தார், நானும் இருந்தேன். மூன்று நாள் மூன்று மாதமாயிற்று. மகள் வீட்டில் இருந்தவரை அவள் வழியாகப் பேசிக்கொண்டோம். அவள் வேலூருக்குப் படிக்கப் போன பிறகு அதுவும் நின்றது. இவ்வளவுதான், பெரிய கதை ஒன்றும் இல்லை.

இதை உன்னிடம் ஏன் சொன்னேன் தெரியுமா? கல்யாண வீடியோவில் மைக் எல்லாவற்றையும் பிடித்துவிடும் என்று சொல்வாயே. மாப்பிள்ளையின் அத்தை திட்டுவது, பெண்ணின் அப்பா பின்னால் நின்று அழுவது, எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத்தான் கொடுப்பாய். எந்த வீட்டில் என்ன கேட்டாய் என்று என்னிடம்கூட மூச்சு விட்டதில்லை. அத்தனை வீட்டு ரகசியத்தைக் காத்தவன் அக்கா வீட்டு ரகசியத்தைக் காக்க மாட்டானா என்று நம்பினேன். வேலியே பயிரை மேயும் என்று அப்போது தோன்றவில்லை.

நாம் செய்த முதல் வெட்டு இருபது நிமிடம் வந்தது. பாத்திரச் சத்தம், கதவுச் சத்தம், தூரத்தில் மற்றவர்கள் சிரிக்கும் சத்தம், அவ்வளவுதான். எனக்குப் பிடித்திருந்தது. நண்பர்கள் பாதியில் எழுந்து போனார்கள் என்று நீ முகம் வாடினாய். “ஒரு கொரல் ஓடுச்சுனா வேற லெவல்ல இருக்கும்க்கா” என்றாய். வேண்டாம் என்றேன். “சரிக்கா” என்றாய். அந்த ‘சரிக்கா’வை நான் இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது?

போன மாதம், ஆசிரமம் பக்கம் நான் வேலை பார்க்கும் கெஸ்ட் ஹவுசில், மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கூட வேலை பார்க்கும் பர்வீன் போனை நீட்டினாள். “அக்கா, இதக் கேளுங்களேன். எங்க தெருவுல எல்லாரும் இதத்தான் பாக்கறாங்க. வாய்ஸு அப்டியே உங்க வாய்ஸ் மாதிரி கீது.”

திரையில் அந்த அண்ணி. அண்ணன் காரில் வருகிறான், ஹாரன் அடிக்கிறான், அவள் ஓடிப்போய் கேட்டைத் திறக்கிறாள். நான் பேசுகிறேன். “வந்தா ஹாரன் ஒரு தடவ அடிப்பாரு. கேட்டத் தொறனு அர்த்தம். நான் சோத்தப் போட்டு வெச்சிட்டு சொம்பத் தரையில டொக்குனு வெப்பேன். சாப்பாடு ரெடினு அர்த்தம். அவ்ளோதான் எங்க வூட்டுப் பேச்சு.” அண்ணி டம்ளரை வைக்கும் இடத்தில் சரியாக அந்த ‘டொக்கு’ விழுகிறது.

‘ஸ்கூட்டர் ஹாரன்’ என்று மொட்டைமாடியில் நான் சொன்னதில் ஸ்கூட்டரை மட்டும் எடுத்துவிட்டாய். கடைசியில் இருந்த ‘டா’வை எடுத்துவிட்டாய். குரலைக் கொஞ்சம் தடிமனாக்கியிருக்கிறாய், கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று. ஆனால் எனக்குப் பின்னால், பௌர்ணமிக் கூட்டத்துக்கு ஒலிபெருக்கியில் காணாமல் போனவர்கள் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்களே, அதை விட்டுவிட்டாய். நன்றாக இருக்கிறது என்று ஆசைப்பட்டு வைத்திருப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா? அதைக் கேட்டுத்தான் “இது நம்ம திருவண்ணாமல” என்று ஊர்க்காரர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள்.

வேலை அருமை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. சுமாராகச் செய்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன்.

கடைசிக் காட்சிக்கு வருகிறேன். எல்லோரும் ஊருக்குக் கிளம்புகிறார்கள், அண்ணி வாசலில் நிற்கிறாள். என் குரல். “செத்துப் போனாகூட அவரு என்னப் பேரு சொல்லிக் கூப்புட மாட்டாரு போலக்கீது.” படம் இருட்டாகிறது. பார்த்தவர்கள் எல்லாம் அங்கே அழுதிருக்கிறார்கள், எழுதியிருக்கிறார்கள். ஆனால் முரளி, அதைச் சொல்லிவிட்டு நான் சிரித்தேனே! நன்றாக, வாய்விட்டுச் சிரித்தேனே. “இன்னாடா வாழ்க்க இது” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அதை ஏன் வெட்டினாய்? மற்றவர்கள் அழுவதற்கு என் சிரிப்பு இடைஞ்சலாக இருந்ததா?

‘பாவம் இந்தப் பொம்பளை’ என்று முகம் தெரியாதவர்கள் நூறு பேர் எழுதியிருக்கிறார்கள். யாருடைய பாவமும் எனக்கு வேண்டாம் என்றுதானே நான்கு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்? நான் நொந்துபோனவள் இல்லை, பிடிவாதக்காரி. உனக்கு அது தெரியும். தெரிந்தும் என்னை அழுமூஞ்சியாக வெட்டினாய். அதற்கு மேல், முடிவில் பெயர் ஓடுகிறது, ‘எழுத்தும் தொகுப்பும்: முரளி’ என்று. எழுத்தா? எதை எழுதினாய் நீ?

கேட்கலாம் என்றால் ஆள் இல்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று இருந்தாயா, நாளைக்குச் சொல்வோம் என்று தள்ளிப்போட்டாயா, சொல்லாமலே விட்டுவிடுவதாக இருந்தாயா? நீ அதை இணையத்தில் ஏற்றியதற்கும் செத்ததற்கும் நடுவில் பதினொரு நாள் இருக்கிறது. அதில் இரண்டு நாள் என் வீட்டில் வந்து சாப்பிட்டாய்.

ஞாயிற்றுக்கிழமை சித்தியைப் பார்க்கப் போனேன். அவளும் அந்த வீடியோவையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். “மொத நாளே தெரியும்டி, உன் கொரலு எனக்குத் தெரியாதா?” என்றாள்.

“தெரிஞ்சும் எங்கிட்ட சொல்லலியா சித்தி?”

“சொன்னா அழிச்சிடுவ.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் எழுந்துவிட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அவன் பேரு வேற எங்க கீது, சொல்லு. கல்யாண வீடியோவுல எவன் எடிட்டரு பேரப் போடறான்? தெனம் யாராவது எழுதறாங்க, முரளி அண்ணா சூப்பர், அடுத்தது எப்பனு. அவங்களுக்கு அவன் செத்தது தெரியாது. அவங்க கிட்டயாவது அவன் உயிரோட கீறான்டி.”

அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து என்னை நன்றாகத்தான் மாட்டிவிட்டீர்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது இருக்கட்டும் என்றுகூட நினைத்தேன். நாளானால் மறந்துவிடுவார்கள் என்று என்னையே தேற்றிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவர் வந்தார். சோற்றைப் போட்டு வைத்தேன். உட்காரவில்லை. நின்றபடியே பேசினார். நான்கு வருடத்துக்குப் பிறகு முதல் பேச்சு.

“அந்த வீடியோவுல பேசறது நீதான?”

நான் கையில் சொம்போடு நின்றேன்.

“ஊருக்கெல்லாம் சொல்லத் தெரிஞ்சிது. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலியா?”

குரல் கொஞ்சம் கரகரத்திருந்தது. மறந்துகூடப் போயிருந்தேன், அவர் குரல் எப்படி இருக்கும் என்பதை. முரளிதான் செய்தான், எனக்குத் தெரியாது என்று ஒரு வரி சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன். செத்தவன் மேல் பழியைப் போட அன்று வாய் வரவில்லை. அவரும் ஊரில் அவமானப்பட்டிருக்கிறார், அது எனக்குப் புரிகிறது. ஆனால் நான்கு வருடம் கழித்து என் புருஷன் என்னிடம் பேசிய முதல் பேச்சு, நான் செய்யாத ஒன்றுக்கான குற்றச்சாட்டு. இதையும் உன் கணக்கில்தான் எழுத வேண்டும்.

நேற்று அதை அழித்துவிட்டேன். வீடியோ போடும் அந்தக் கணக்கை என் போன் நம்பரில்தானே தொடங்கினாய், உள்ளே போக ஐந்து நிமிடம் ஆகவில்லை. வாட்சப்பில் போனதை எல்லாம் பிடிக்க முடியாதுக்கா என்று பர்வீன் சொன்னாள். தெரியும். ஊர் வைத்திருப்பதை ஊர் வைத்துக்கொள்ளட்டும், நம் வீட்டிலிருந்து அது ஓடக் கூடாது.

அழிப்பதற்கு முன் உனக்கு வந்த பாராட்டை எல்லாம் கெஸ்ட் ஹவுஸ் பிரிண்டரில் எடுத்தேன். ‘பாவம்’ என்று எழுதியவர்களையும் விட்டுவிடவில்லை. சித்தியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. இனி அவளும் என்னோடு பேச மாட்டாள் போலிருக்கிறது. பரவாயில்லை, அந்தப் பாடத்தில் நான் தேறியவள்.

நாம் செய்த முதல் வெட்டை, குரல் இல்லாததை, உன் பெயரோடு ஏற்றிவிட்டேன். பதினான்கு பேர் பார்த்திருக்கிறார்கள், அதில் ஐந்தாறு தடவை நான்தான். இப்போதும் எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. உனக்குத் துரோகம் செய்தேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள். நாம் சரிக்குச் சரி.

அவர் ஹாலில் உட்கார்ந்திருக்கிறார். டிவி போடவில்லை. செவ்வாய்க்கிழமையிலிருந்து இப்படித்தான் வந்து உட்காருகிறார், மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை, எழுந்தும் போகவில்லை. இதை முடித்ததும் நான் அங்கே போய் அவர் கேட்டதற்குப் பதில் சொல்லப் போகிறேன். சண்டையாக முடியுமோ, வேறு எப்படி முடியுமோ தெரியாது. முன்பெல்லாம் என்றால் எது நடந்தாலும் உடனே மொட்டைமாடிக்கு ஓடி உனக்குத்தான் சொல்வேன்.

உனக்கு ஒரு சத்தியம் செய்து தருகிறேன், முரளி. உன் திதிக்கு வருடா வருடம் வருவேன், சித்தி பேசினாலும் பேசாவிட்டாலும் வருவேன். உன் படத்துக்கு முன்னால் நின்று ஊர்க்கதை எல்லாம் சொல்வேன். ஆனால் இன்று ஹாலில் நான் என்ன சொன்னேன், அவர் என்ன சொன்னார் என்பதை மட்டும் உனக்குச் சொல்ல மாட்டேன். கனவில் வந்து கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

இத்தனைக்குப் பிறகும்
உன் அக்காதான்,
மல்லிகா