கடித்து வைத்த ரொட்டி

மார்ச் 3
கோகந்த் சந்தைக்குப் பின்னால் இருக்கும் உணவகத்துக்கு இன்று முழுநாளும் படம் எடுத்தேன். தக்காளி சிவக்க வேண்டும், கொழுப்பு மின்ன வேண்டும் என்று உயிரை வாங்கினான் முதலாளி. எனக்காக ஒரே ஒரு தட்டுப் புலாவைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தேன். எட்டிப் பார்த்தான். "ஏம்ப்பா நோதிர், என் சோத்துக்கு என்ன எழவா விழுந்துபோச்சு?"

மடையன். நிறம் இருந்தால் நாக்கு ஊறும், கண் வேலை செய்யாது. நிறத்தை எடுத்துவிட்டால் ஒவ்வொரு பருக்கையும் தன் நிழலோடு தனியாக நிற்கிறது. இதெல்லாம் அவனுக்கு எங்கே புரியும்?

மார்ச் 9
தாஷ்கந்தில் போட்டி. கறுப்பு வெள்ளையில் உணவு. ஆளுக்கு ஒரு படம்.

எனக்கு வேண்டியது பக்கத்து வீட்டு மவ்லூதா அக்காவின் சுவரில் தொங்குகிறது. மகன் இல்ஹோம் ருஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குக் கிளம்பும்போது ஒரு வாய் கடித்து வைத்த ரொட்டி. கடித்து வைத்துப் போனவர் திரும்பி வருவார் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை; வந்து மிச்சத்தை அவனே தின்ன வேண்டும். இரண்டு வருடமாக அந்த வெடிப்புகளும் அந்தப் பல் தடமும்! கேட்டேன். "அவன் வந்துதான் எறக்குவான் தம்பி" என்றாள்.

மார்ச் 14
கொடுத்துவிட்டாள். "படத்தப் பாத்தா இல்ஹோமுக்கு வீட்டு ஞாபகம் வரும்க்கா, கெளம்பி வந்துருவான்" என்று அடித்துவிட்டேன். கண் கலங்கிவிட்டாள். இவ்வளவு சுலபமா?

துணியில் சுற்றித் தந்தாள். "கவுத்து மட்டும் வெச்சிராத தம்பி. ரொட்டியக் கவுக்கக் கூடாது."

மார்ச் 15
கவிழ்த்தேன். உடைந்துவிட்டது. கடித்த இடத்தின் குறுக்கே, இரண்டாக.

கை நடுங்கியது என்று எழுதலாம். நடுங்கவில்லை. உடைந்த ஓரத்தில் வெளிச்சம் விழுந்த விதம் — அடடா! நாற்பது படம் எடுத்தேன்.

மார்ச் 16
ஆறு ரொட்டி வாங்கி, அடுப்பில் காயவைத்து, ஒவ்வொன்றாகக் கடித்தேன். நான்காவது சரியாக வந்தது. சவோதத் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "நீயெல்லாம் ஒரு மனுஷனா? அந்தம்மா தெனம் அது முகத்துலதான் முழிக்குது." கட்டிய மனைவி பேசுகிற பேச்சா இது? உடைந்ததைக் குப்பையில் போட மனமில்லாமல் குருவிகளுக்குப் பொடித்துப் போட்டாள்.

மார்ச் 17
என் ரொட்டியை மவ்லூதா அக்கா நெற்றியில் ஒற்றி ஆணியில் மாட்டினாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். "படம் நல்லா வந்துச்சா தம்பி?"

"பிரமாதம்க்கா."

"சரி."

ஏமாளி.

மே 2
முதல் பரிசு. படத்துக்குக் 'காத்திருப்பு' என்று பெயர் வைத்திருந்தேன். நடுவர் ஒருவர் அதன் முன்னால் நின்று அழுதார். எனக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது.

ஜூலை 11
அக்கா என்னிடம் முன்னைவிட அன்பாகப் பேசுகிறாள். எதற்கு?

அக்டோபர் 19
இல்ஹோம் வந்துவிட்டான். தெருவே அவர்கள் முற்றத்தில். "கேமராவோட வரச் சொல்லு" என்று மவ்லூதா அக்கா ஆள் அனுப்பியிருந்தாள். போனேன்.

அக்கா ரொட்டியை ஆணியிலிருந்து எடுத்தாள். மகனைத் தாண்டி வந்து என் முன்னால் வைத்தாள். "கடிச்சு வெச்சவங்கதான தின்னணும்? தின்னு தம்பி."

"அக்கா..."

"எம்மவனுக்குக் கீழ்ப்பல்லு ஒண்ணு பாதி இல்ல. பன்னெண்டு வயசுல ஒடஞ்சது. அவன் கடி எனக்குத் தெரியாதா? அன்னைக்கே தெரியும். அவன் ரொட்டி எங்க?"

குருவி தின்றுவிட்டது என்று எப்படிச் சொல்வேன்? "மன்னிச்சிரு அக்கா" என்றேன்.

"அதெல்லாம் அப்பறம். மொதல்ல தின்னு. முழுசா."

சரியாகக் காயாத ரொட்டி. உள்ளே முழுக்கப் பூசணம். தின்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவரும் எனக்குத் தேநீர் ஊற்றவில்லை. இல்ஹோம் என் கேமராவை வாங்கி, கடைசித் துணுக்குவரை படம் எடுத்துக்கொண்டே இருந்தான்.

அக்டோபர் 20
படங்களைப் பார்த்தேன். எல்லாம் வண்ணத்தில். உதட்டோரப் பச்சை அவ்வளவு தெளிவு.

சவோதத் மத்தியானம் தாய் வீட்டுக்குக் கிளம்பினாள். ஒரு ரொட்டியை நீட்டினேன். கையில் வாங்கினாள், நிமிர்த்தி மேசைமேல் வைத்தாள், கடிக்காமல் போய்விட்டாள்.