யோகா தைத்த நொதியம்

ஒக்டோபர் 6, திங்கள்

காலையில் தூறல். பிறகு சுள்ளென்று வெயில். கொடியில் போட்ட துணி காயவுமில்லை, நனையவுமில்லை.

பள்ளிக்கூட விஞ்ஞானக் கண்காட்சி. உயிரியல் மேசை என் தலையில். போன முறை கண், அதற்கு முன் இதயம். இந்த முறை வேறு ஏதாவது செய்வோம் என்று நானே போய் மாட்டிக்கொண்டேன். வாய்க்குள் குடியிருக்கும் பக்றீரியாவின் நொதியம். சீனியைப் பல்லில் ஒட்டும் பசையாக மாற்றுவது. அதிபர் கேட்டார்: "ரீச்சர், கண்ணுக்குத் தெரியாததை என்னண்டு மேசையில வைக்கப் போறியள்?" நியாயமான கேள்வி.

தேவை: அடி கழன்ற வாளி (வீட்டில் உண்டு). பச்சை றிபன். சிவப்புத் துணி. பஞ்சு. யோகா.

யோகா முதலாம் வகுப்பிலிருந்து என் சிநேகிதி. சந்தைக்குப் பின்னால் தையல் கடை. தைத்துத் தா என்று கேட்கத்தான் போன் எடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள். "சாந்தி, விசா வந்திட்டுதடி!" மகன் சுதன் கனடாவுக்குக் கூப்பிட்டிருக்கிறான். அங்கேயே இருக்க. "நல்லதடி" என்றேன். வாளியைப் பற்றிச் சொல்ல மறந்துபோனேன்.

7, செவ்வாய்

பள்ளிக்கூடம் விட்டுக் கடைக்குப் போனேன். தேத்தண்ணி தந்தாள். சிரிக்கும்போது கையால் வாயைப் பொத்துகிறாள், இப்போது கொஞ்ச வருடமாக. மேல் முன்பல் நாலும் சூத்தை பிடித்து அரித்துவிட்டன. போவதற்கு முன் பிடுங்கிக் கட்ட வேண்டுமாம். "அங்க பல்லில கை வைச்சா வீட்டை விக்க வேணுமாமடி."

நொதியத்தை விளக்கினேன். வாளிக்கு உள்ளே எட்டுப் பச்சைப் பட்டி, பீப்பாய்ப் பலகை போல வட்டமாக நிற்கும். வெளியே பஞ்சடைத்த எட்டுச் சிவப்புச் சுருள். மேலே நடுவில் ஒரு குழி, சீனி வந்து உட்காரும் இடம்.

"பொக்கற் எண்டு சொல்லன்."

ஓம், பொக்கற். பொக்கற்றுக்குள் மூன்று அமில அமினோ அமிலம், கத்தரி போல. சுக்குரோசு என்பது குளுக்கோசும் பிரக்டோசும் கைகோத்தது. கத்தரி அதைப் பிரிக்கும். பிரிந்ததில் வரும் சக்தியிலேயே குளுக்கோசை அடுத்த குளுக்கோசோடு கோத்து நூலாக்கும். அந்த நூல்தான் பசை. அதில் பக்றீரியா கூட்டமாய் ஒட்டியிருந்து அமிலம் விட, பல் கரையும்.

சீனிக்கு அமத்துப் பொத்தான் போடுவோம் என்றாள், இரண்டு பாதி. இழுத்தால் டிக். நல்ல மூளை. பிறகு கேட்டாள்: "ஒரு பாதி நூலாப் போகுது. மற்றப் பாதிக்கு என்ன நடக்கும்?"

"அது கழண்டு போயிடும்."

"பாவம்" என்றாள். ஊசியில் நூல் கோத்தாள்.

நொதியத்தின் நீட்டுப் பெயர் அவளுக்கு வாயில் நுழையவில்லை. 'பசைக்காரி' என்று வைத்துவிட்டாள்.

9, வியாழன்

நல்ல மழை. வயல்காரருக்குச் சந்தோசம், விதைப்பு நேரம். அரைநாள் லீவு. யோகாவோடு பல் டொக்டரிடம்.

காத்திருந்த நேரம் ஆறுதலுக்குச் சொன்னேன், ஒவ்வொரு வருடமும் வகுப்பில் சொல்வதையே: யுத்த நாளில் பாதை பூட்டிச் சீனி வர விடவில்லை, பனங்கட்டியைக் கடித்துத்தானே பிளேன்ரீ குடித்தோம், அதனால் எல்லாருக்கும் நல்ல பல்.

"ஆருக்கடி நல்ல பல்லு? நாலாம் வகுப்பில கடைவாய்ப்பல்லுக் குத்தி, கராம்பு வைச்சுக்கொண்டு அழுதனான். நீதானே பக்கத்தில இருந்தனீ!"

உண்மைதான். இருந்தேன். மறந்தே போனேன்.

வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் பார்த்தேன். பனங்கட்டியிலும் பெரும்பங்கு அதே சுக்குரோசு. கடையில் வந்ததா, பனையில் வந்ததா என்று நொதியம் கேட்பதில்லை. அந்த நாளில் பல் தப்பியிருந்தால், இனிப்பு எப்போதாவதுதான் கிடைத்தது என்பதால் தப்பியிருக்கும். இத்தனை வருடமும் பிள்ளைகளுக்குப் பிழையாகச் சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை திருத்த வேண்டும்.

அப்படியென்றால் நான் இவ்வளவு ஆசையாக நினைப்பது பனங்கட்டியை அல்ல.

தோடம்பழ இனிப்பு ஞாபகம் வந்தது. ஒன்று கிடைத்தால் இருவருக்கும். எச்சில் படாமல் சட்டைத் துணியால் மூடி யோகா காக்காய்க்கடி கடிப்பாள். கத்தி போல முன்பல் அவளுக்கு. இரண்டும் ஒரே அளவாக உடையாது. பெரிய பாதிக்கு நான் மூக்கால் அழுவேன். எப்போதும் எனக்குத்தான் தந்தாள்.

அந்த நாலு பல்லும் இன்று டொக்டரின் கிண்ணத்தில் கிடந்தன. பார்க்க முடியவில்லை, வெளியே வந்துவிட்டேன்.

12, ஞாயிறு

மப்பு. மழை இல்லை. பகல் முழுக்க யோகா கடையில்.

பாதிக் கடை காலி. மிசினைப் பளையிலிருந்து ஒரு பிள்ளை வாங்கிவிட்டாள், செவ்வாய் ஏற்றுகிறார்கள். அந்த மிசினில் யோகா தைக்கும் கடைசிச் சாமான் பசைக்காரிதான்.

ஒரு பகிடி. பொக்கற்றுக்கு அழகாக மூடி வைத்து, பொத்தானும் போட்டிருக்கிறாள்! "மூடி வைச்சா சீனி என்னண்டடி உள்ள போறது?"

"திறந்த பொக்கற்றில வைச்சா விழுந்திடாதே? நான் தைச்ச பொக்கற்றில இருந்து ஒண்டும் விழுந்ததில்லை."

தையல்காரி மூளை. சிரித்துச் சிரித்துப் பிரித்தோம். பல் இல்லாத வாயை இன்று அவள் பொத்தவில்லை.

வால் ஒன்று மிச்சம். நொதியம் தான் செய்த நூலையே பிடித்துக்கொள்ளும் பகுதி. நேரமில்லை, விடு என்றேன். "அரைகுறையா விட்டிட்டுப் போகமாட்டன்" என்று வாலுக்குச் சட்டைக் கை போல நீட்டாக ஒன்று வெட்டத் தொடங்கினாள். வெட்டிக்கொண்டே, என்னைப் பாராமல்: "சாந்தி, நான் போகட்டோடி?"

போகாதே என்று சொன்னால் நின்றுவிடுவாள். அவளைத் தெரியும். அங்கே மகன், பேரப்பிள்ளை. இங்கே நான். "சிவப்பு நூல் போதுமோ?" என்று கேட்டேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

15, புதன்

மழை. கட்டுப்பல் வந்துவிட்டது. என் பெயரைச் சொல்லவே சிரமப்படுகிறாள். கடினமானது கடிக்கக் கூடாதாம்.

வகுப்பில் பனங்கட்டிக் கதையைத் திங்களே திருத்திவிட்டேன். ஒருவரும் கவலைப்படவில்லை.

குடை, பள்ளிக்கூடத்தில் விட்டது. எடுக்க.

17, வெள்ளி

வெயில். கண்காட்சி.

பசைக்காரிக்கு அமோக வரவேற்பு. எல்லாருக்கும் அந்த டிக்கை இழுக்க வேண்டும். இடைவேளைக்குள்ளேயே பிரக்டோசுப் பொத்தான் எல்லாம் தொலைந்துவிட்டன. அதிபர் வாலைப் பிடித்துப் பார்த்தார். "நல்ல தையல்" என்றார்.

சுவரில் நான் எழுதி ஒட்டியது, பெரிய எழுத்தில்: இனிப்பு உண்டால் உடனே வாய் கொப்பளிப்போம்.

மத்தியானம் யோகா வந்தாள். புதுச் சேலை. கேற்றடியில் அவளைக் கொழும்புக்கு ஏற்றிப் போகும் வான். மேசைக்குக் கீழே குனிந்து பொத்தான் தேடத் தொடங்கினாள். "விடடி" என்று கையைப் பிடித்துத் தூக்கினேன். கைக்குள் ஏதோ வைத்தாள். தோடம்பழ இனிப்பு. ஒன்று.

"இந்தப் பல்லால ஏலாது. நீ கடி."

சேலைத் தலைப்பால் மூடிக் கடித்தேன். இரண்டும் ஒரே அளவாக உடையவில்லை. பெரியதை அவளிடம் நீட்டினேன்.

"எடி, இது பெரிசு."

"ஓம். போயிட்டு வா."

அன்றைக்குக் கேட்டதற்குப் பதில் என்று அவளுக்கு விளங்கியது. வாயில் போட்டுக்கொண்டு போனாள். வான் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

என் பாதி கரையவில்லை. அதற்குள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக வந்துவிட்டார்கள். "ரீச்சர், என்ன சாப்பிடுறியள்?" என்றது ஒன்று. அந்த மேசையில், அந்த எழுத்துக்குக் கீழே. வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன். கையால் பொத்திக்கொண்டு பசைக்காரியைச் சுட்டிக் காட்டினேன்.