மரத்தின் பக்கத்தில் நின்றவர்

அன்புள்ள வாப்பாவுக்கு, உங்கள் மகள் இத்தோவின் ஸலாம். உம்மாவும் ஆடுகளும் நலமா? கெய்ரோவில் எனக்கொரு குறையுமில்லை. ரொட்டியில்தான் நம் வீட்டு ருசி இல்லை.

உலக மரங்களின் படக்களஞ்சியத்துக்காக இந்த வாரம், நம் ஆடுகள் கிளையேறி மேயும் அந்த வாசல் ஆர்கன் மரத்தை வரைந்தேன். உயரம் புரிவதற்காக மரத்தின் பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்துவது எங்கள் வழக்கம். தம்பி அனுப்பிய புகைப்படத்தில் நீங்களே நின்றீர்கள். உங்கள் ஆறடியை வைத்துக் கணக்கிட்டு, மரம் முப்பத்தைந்தடி என்று எழுதிவிட்டேன்.

பதிப்பாசிரியர் ஷவ்கி சிரித்தார். “என்னம்மா, ஆடு மரமேறுற ஊருன்னா மரத்தையும் இப்படியா ஏத்திவிடுவீங்க? இந்த மரம் இருபத்தெட்டடியைத் தாண்டாதே!”

“எங்க வாப்பா ஆறடி சார். சொந்த வாசல்லயே குனிஞ்சுதான் நுழைவாங்க.”

“அப்ப வாப்பாவை நல்லாப் பாரு.”

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். உங்கள் தலைக்கும் பின்னே தெரியும் வாசல் நிலைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. முதுகு வளைந்திருக்கிறது. கையில் ஊன்றுகோல். மூன்று வருடக் கடிதங்களில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே வாப்பா!

படத்திலிருந்து உங்களை எடுத்துவிட்டு வேறு ஆளை வரையச் சொல்கிறார் ஷவ்கி. முடியாது என்றுவிட்டேன். அதனால், சுவரோரம் நில்லுங்கள். உம்மா கரியால் கோடு போடட்டும். மரத்தைத் திரும்பக் கணக்கிட அந்த உயரத்தை உடனே எழுதி அனுப்புங்கள். என் மனம் நோகுமென்று ஒரு விரற்கடைகூடக் கூட்டாதீர்கள்.

தபால் நேரமாகிவிட்டது.

இத்தோ