எண் 40718 கொண்ட சிலிண்டரைக் கைப்பற்றக் கோரி

அனுப்புநர்:
தா. கோலப்பன், பி.ஏ., பி.எல்.,
வழக்கறிஞர், ஆரியசாலை, திருவனந்தபுரம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள், திருவனந்தபுரம்.

பொருள்: ஓர் உயிரைக் கொன்ற சமையல் எரிவாயு சிலிண்டர் வேறொரு வீட்டுக்கு வழங்கப்பட்டிருப்பது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இறந்தவர் சிவகாமியம்மாள், வயது 41. அவர் என் உடன்பிறந்த தங்கை என்பதை முதலிலேயே தெரிவித்துவிடுவது முறை.

2. 6.1.81 அன்று வால்வில் கசிவு கண்டு, சிலிண்டரை ஆட்டோவில் ஏற்றி விநியோகஸ்தரிடம் கொண்டுசென்றார். காலி சிலிண்டரை மட்டுமே திரும்பப் பெறுவது அங்கு வழக்கம். தராசில் ஆறு கிலோ வாயு மீதம் காட்டியது. மேலாளர் ராஜையன் பலர் முன்னிலையில் கூறியது: "ஆறு கிலோ கிடக்குல்லா? நாட்டுக்கே கேஸ் இல்ல. மூக்கப் பொத்திக்கிட்டுச் சமைச்சுத் தீத்துட்டு வாங்கம்மா." வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

3. அன்று மாலை தங்கை என்னிடம் யோசனை கேட்டார். ஈரான்-ஈராக் போரால் எண்ணெய் வரத்து குன்றிய இக்காலத்தில் எரிபொருளை வீணாக்காதிருப்பது நாட்டின் பாதுகாப்பைச் சேர்ந்தது என்பதை நான் மறுப்பவனல்லன். விதி அதுவானால் எரித்துத் தீர்ப்பதே சரி என்று அவளுக்குச் சொன்னவன் நான். 8-ஆம் தேதி காலை அடுப்பைப் பற்றவைத்தாள். ஒன்பது நாள் உயிரோடிருந்தாள். நினைவு ஒருநாளும் தப்பவில்லை.

4. தீப்பற்றிய மறுநாளே சிலிண்டரை விநியோகஸ்தர் எடுத்துச் சென்றார். பழுதென்று குறித்தால் அடுத்த லாரியில் ஒன்று குறைந்து வரும் என்பதால், குறிக்காமலேயே நிரப்ப அனுப்பப்பட்டது. கரிந்த இடத்தில் புதுச் சாயம் பூசி, 28-ஆம் தேதி கிழக்கேகோட்டைப் பகுதியில் வழங்கிய நாற்பத்து மூன்றில் ஒன்றாக அதையும் இறக்கியதாக, வண்டிக்காரர் சுவாமிதாஸ் எனக்கு எழுதிக் கொடுத்துள்ளார். எந்த வீடு என்பது அவருக்கு நினைவில்லை. பதிவேட்டைக் காட்ட மேலாளர் மறுக்கிறார்.

5. அன்று தாம் சிலிண்டர் இறக்கியதாகச் சுவாமிதாஸ் அடையாளம் காட்டிய நாற்பத்து மூன்று வீடுகளுக்கும் நேற்றும் இன்றும் சென்றேன். முப்பத்திரண்டு வீடுகளில் எண்ணைப் பார்க்க விட்டார்கள், அது அங்கில்லை. மற்றவர்கள் சிலிண்டரைப் பறிக்க வந்தவன் என்று எண்ணிக் கதவைச் சாத்தினார்கள். கோட்டைக்குள் 14-ஆம் இலக்க வீட்டில் நீலாம்பாள் என்பவர் கதவைத் திறவாமலே சொன்னார்: "இங்க நாத்தம் ஒண்ணும் இல்ல சாரே. அஞ்சு வருஷம் காத்திருந்து கிடைச்சது. போய்க்கோங்கோ." நாற்றம் பற்றி நான் அதுவரை எதுவும் கேட்டிருக்கவில்லை. அடுப்பை மூட்ட வேண்டாம் என்று வெளியில் நின்றே மும்முறை சொன்னேன்.

6. நஷ்டஈடு இம்மனுவின் பொருளன்று. ராஜையன் மீதான புகாரும் என் மீதான விசாரணையும் காத்திருக்கலாம். ஒரு கதவைத் திறக்கச் சொல்லும் அதிகாரம் எனக்கில்லை, தங்களுக்கு உண்டு. நாளைக் காலை அங்கே அடுப்பு மூட்டுமுன் அதைத் தாங்கள் பயன்படுத்த வேண்டுமெனப் பணிந்து கேட்கிறேன்.

இடம்: திருவனந்தபுரம்
நாள்: 31.1.1981, மாலை 4 மணி

இப்படிக்கு,
தா. கோலப்பன்
(நேரில் சேர்ப்பிக்கப்பட்டது. நகல்: தீயணைப்பு நிலையம்)